ஆன்லைன்ல மாஸ்டர்ஸ் படிச்சா டீச்சருக்கு மதிப்பு இருக்குமா?

கேள்வி: நான் ஒன்பது வருஷமா ஆறாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் சயின்ஸ் எடுக்குறேன். டிகிரி, டீச்சர் ட்ரெய்னிங் ரெண்டும் முடிச்சிருக்கேன். வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க, வேலைய விட்டுட்டு காலேஜ் போற நிலைமை இல்ல. அதனால ஆன்லைன்லயே கல்வியியல்ல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு பாக்குறேன். ஸ்டாஃப் ரூம்ல சொன்னதும் ஒரு சீனியர் சார், "ஆன்லைன் டிகிரியா, அது காசு குடுத்து வாங்குற பேப்பரும்மா"ன்னுட்டார். பிரின்சிபால் "பாக்கலாம்"னு சொன்னதோட சரி. நடுவுல அந்த கோர்ஸுக்கு ஆள் சேக்குற ஒரு கவுன்சிலர் தினமும் போன் பண்ணி, வெள்ளிக்கிழமையோட சலுகை முடியுதுங்குறார். இந்த டிகிரிக்கு மதிப்பு இருக்கா? ரெஸ்யூம்ல ஆன்லைன்னு போடணுமா, போடாம விட்டுரலாமா? பின்னாடி பிஎச்.டி. பண்ணவோ வெளிநாட்டு வேலைக்குப் போகவோ இது உதவுமா?

பதில்:

அன்பு டீச்சர்,

முதல்ல அந்த வெள்ளிக்கிழமைய விட்டுருங்க. ஒழுங்கா நடக்குற எந்த யூனிவர்சிட்டியும் அடுத்த பேட்சுக்கு மறுபடி அட்மிஷன் போடத்தான் போகுது. ரெண்டு வருஷ ராத்திரியையும் லீவு நாளையும் குடுத்துப் படிக்கப்போற ஒரு விஷயத்த நாலு நாள்ல முடிவு பண்ணுங்கன்னு ஒருத்தர் சொன்னா அந்த அவசரம் அவரோடது. அவர் பெரும்பாலும் யூனிவர்சிட்டி ஆளாவே இருக்க மாட்டார், இதையும் தெரிஞ்சுக்கோங்க. பல யூனிவர்சிட்டிங்க ஆன்லைன் கோர்ஸுக்கு ஆள் சேக்குற வேலைய வெளி கம்பெனி கிட்ட குடுத்துருக்காங்க, ஃபீஸ்ல ஒரு பெரிய பங்கு, சில ஒப்பந்தத்துல பாதிக்கும் மேல, அந்த கம்பெனிக்குப் போகுது. அடுத்த தடவ போன் வந்தா, "நீங்க யூனிவர்சிட்டி ஸ்டாஃபா, வேற கம்பெனியா"ன்னு நேரடியாக் கேளுங்க. பதில் எப்படி வருதுன்னு கவனிங்க.

இப்ப உங்க கேள்வி. டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்குற போர்டுல பல வருஷம் உக்காந்துருக்கேன், படிக்குறப்பவே வேலையும் பாத்த டீச்சர்ங்க பலபேருக்கு வழி சொல்லிருக்கேன், அதுல நான் கத்துக்கிட்ட ஒரே விஷயம் இதுதான்: டிகிரிக்கு மதிப்பு இருக்கா இல்லயான்னு முடிவு பண்றது அதக் குடுக்குற யூனிவர்சிட்டி இல்ல, ஸ்டாஃப் ரூமும் இல்ல, அந்த சர்டிபிகேட்ட நீங்க கடைசியில யார் மேஜை மேல வெக்கப் போறீங்களோ அவங்கதான். அதனால அவங்கள முதல்ல கேளுங்க, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க. நம்மள்ல பலபேர் இத தலைகீழா பண்றோம். முதல்ல சேந்துடுறோம், ரெண்டு வருஷம் ராப்பகலா படிக்கிறோம், நல்ல மார்க்கும் வாங்குறோம், அப்புறம் ப்ரொமோஷன் ஃபைல் திரும்பி வந்தப்பதான் "இந்த கோர்ஸ் இதுக்கு செல்லாதாம்"னு தெரியுது. அப்படி என் முன்னாடி உக்காந்து அழுத ஒரு டீச்சர் முகம் எனக்கு இன்னும் மறக்கல. அவங்க படிச்ச யூனிவர்சிட்டி நிஜமான யூனிவர்சிட்டிதான், படிப்பும் நிஜந்தான், ஆனா அவங்க கேட்ட பதவிக்கு விதியில எழுதியிருந்த படிப்பு அது இல்ல. சேர்றதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டுக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

உங்க சீனியர் சார் சொன்னத நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், அவர் பயத்துக்குக் காரணம் இருக்கு. 2015 மே மாசம் நியூயார்க் டைம்ஸ் ஒரு பெரிய செய்தி போட்டாங்க, கராச்சியிலேருந்து இயங்குன ஆக்ஸாக்ட்னு ஒரு கம்பெனி முன்னூறுக்கும் மேல வெப்சைட் நடத்தி, இல்லாத யூனிவர்சிட்டி பேருல உலகம் பூரா டிகிரி வித்துருக்காங்கன்னு. பேரெல்லாம் பெரிய யூனிவர்சிட்டி மாதிரியே இருக்கும், புரொபசர்னு காட்டுன படத்துல இருந்தவங்க நடிகருங்க. அதவிட மோசம், அந்த யூனிவர்சிட்டிங்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்புன்னு பொய்யா இன்னும் சில வெப்சைட்டும் அவங்களே நடத்துனாங்க. அதாவது நீங்க உஷாரா "அக்ரெடிடேஷன் இருக்கா"ன்னு தேடிப் பாத்தாலும் அதே ஆளுங்க வெச்ச பொய்ப் பக்கத்துலதான் போய் நிப்பீங்க.

அதனாலதான் நான் எப்பவும் சொல்றது, யூனிவர்சிட்டி வெப்சைட்டுல இருக்குற லிங்க்க அமுக்கி அங்கீகாரத்த செக் பண்ணாதீங்க. அந்த நாட்டு அரசாங்கமோ அதிகாரபூர்வ அமைப்போ வெச்சிருக்குற பட்டியலுக்கு நீங்களா தனியா போங்க. அமெரிக்கான்னா கல்வித்துறையோட டேட்டாபேஸ் இருக்கு, பிரிட்டன்னா டிகிரி குடுக்க உரிமை உள்ள நிறுவனங்களோட அரசுப் பட்டியல் இருக்கு, ஆஸ்திரேலியான்னா உயர்கல்விய கண்காணிக்குற டெக்ஸா அமைப்போட தேசியப் பதிவேடு, இந்தியான்னா பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு எந்த யூனிவர்சிட்டி எந்த கோர்ஸ எந்தக் கல்வி ஆண்டுக்கு நடத்தலாம்னு பட்டியல் போடுது. அந்த "எந்தக் கல்வி ஆண்டுக்கு"ங்குறத கவனிங்க, போன வருஷம் அனுமதி இருந்த கோர்ஸுக்கு இந்த வருஷமும் இருக்கும்னு நம்ம பாட்டுக்கு நினைச்சுக்கக் கூடாது.

சரி, பயம் இருக்குறது நியாயம், ஆனா அத எல்லா ஆன்லைன் டிகிரி மேலயும் பூசுறது தப்பு. வீட்டுல இருந்தே டிகிரி வாங்குறது நேத்து வந்த பழக்கம் இல்ல. 1858லயே லண்டன் யூனிவர்சிட்டி, காலேஜுக்கே வராம வெளியில படிச்சவங்களும் பரிட்சை எழுதலாம்னு வழி திறந்து விட்டுச்சு. பிரிட்டன்ல ஓபன் யூனிவர்சிட்டி 1969ல ஆரம்பிச்சு 1971 ஜனவரியில பாடம் தொடங்குனப்ப 20,000 பேருக்கு மேல சேந்தாங்க, பிபிசியில ஒளிபரப்பான பாடத்தப் பாத்து, தபால்ல வந்த புத்தகத்த வெச்சுப் படிச்சாங்க. அந்த முதல் கூட்டத்துல எந்த வேலை பாக்குறவங்க அதிகம் இருந்தாங்க தெரியுமா? ஸ்கூல் டீச்சர்ங்கதான். ட்ரெய்னிங் சர்டிபிகேட் வெச்சிருந்து டிகிரி இல்லாம பல வருஷமா வேலை பாத்தவங்க, பகல்ல பாடம் நடத்திட்டு ராத்திரி உக்காந்து படிச்சவங்க. அதாவது நீங்க இன்னைக்கு பண்ண நினைக்குறத ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே உங்க மாதிரி டீச்சர்ங்கதான் முன்னாடி நின்னு பண்ணிருக்காங்க. இத அந்த சார்கிட்டயும் சொல்லுங்க, சண்டைக்கு இல்ல, அவருக்கும் தெரியட்டும்னு.

ஆன்லைன்ல படிச்சா மண்டையில ஏறுமான்னு கேட்டா, ஏறும். அமெரிக்க கல்வித்துறை பல ஆராய்ச்சிகளச் சேத்து அலசி 2010ல வெளியிட்ட அறிக்கையில, ஆன்லைன்ல படிச்சவங்க சராசரியா கிளாஸ்ல மட்டும் படிச்சவங்கள விட கொஞ்சம் நல்லாவே பண்ணிருக்காங்கன்னு வந்துச்சு, ஆன்லைனும் நேர்ல படிக்குறதும் கலந்திருந்த இடத்துலதான் அந்த வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுது. ஆனா அத எழுதுனவங்களே ஒரு எச்சரிக்கையும் சேத்தே சொன்னாங்க, இது இன்டர்நெட் பண்ண மாயம் இல்ல, அந்தப் படிப்புல கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் இருந்திருக்குன்னு. எனக்கு அதுல பிடிச்சதே அந்த எச்சரிக்கைதான். நேரம் குடுத்தா படிப்பு வரும், நேரம் குடுக்கலன்னா எந்தக் கட்டடத்துல உக்காந்தாலும் வராது.

இங்கேயே ஒரு கணக்கு போட்டுருவோம், போலிய கண்டுபிடிக்கவும் இது உதவும். ஐரோப்பா கணக்குப்படி, படிப்போட அளவக் காட்டுற ஒரு கிரெடிட்டுக்கு 25லேருந்து 30 மணி நேரப் படிப்பு, ஒரு முழு வருஷத்துக்கு 60 கிரெடிட், அப்ப குறைஞ்சது 1,500 மணி நேரம். நீங்க ஸ்கூலும் வீடும் போக வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்குறீங்கன்னு வெச்சுக்குவோம், அதுவே பெரிய விஷயம், 100 வாரம் ஆகும், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். யாராவது "வேலை பாத்துக்கிட்டே ஆறே மாசத்துல முடிச்சிரலாம், உங்க அனுபவத்துக்கே பாதி கிரெடிட் குடுத்துருவோம்"னு சொன்னா அந்த மணி நேரமெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க. முன்னாடி படிச்சதுக்கு கிரெடிட் குடுக்குற நல்ல யூனிவர்சிட்டிங்களும் உண்டு, ஆனா அவங்க டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடவாரியா மார்க் விவரம் கேப்பாங்க, சிலபஸ் கேப்பாங்க, அதுக்கு ஒரு எல்லையும் வெச்சிருப்பாங்க. வெறும் வயசுக்கும் சர்வீஸுக்கும் டிகிரி குடுக்க மாட்டாங்க.

இனி ரொம்ப முக்கியமான இடம், இங்கதான் நிறைய டீச்சர்ங்க மாட்டுறாங்க, கொஞ்சம் நிதானமா படிங்க.

"அங்கீகாரம் இருக்கு"ங்குற ஒரு வார்த்தைக்குள்ள பல விஷயம் ஒளிஞ்சிருக்கு. யூனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் இருக்கலாம், அந்த கோர்ஸுக்கு இல்லாம போகலாம். கோர்ஸுக்கு இருக்கலாம், அத ஆன்லைன்ல நடத்த அனுமதி இல்லாம போகலாம். எல்லாமே இருந்தும் உங்களுக்கு வேண்டிய காரியத்துக்கு அது உதவாம போகலாம். கல்வியியல் மாஸ்டர்ஸ்லயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு டீச்சர் லைசென்ஸுக்கோ, பிரின்சிபால் மாதிரி நிர்வாகப் பதவிக்கான தகுதிக்கோ வழி விடுறது, அதுல ஸ்கூல்ல மேற்பார்வையோட செய்யுற ப்ராக்டிகம் கட்டாயமா இருக்கும். இன்னொண்ணு லைசென்ஸ் எதுவும் தராத, படிப்பறிவுக்கான மாஸ்டர்ஸ். ரெண்டும் நல்ல படிப்புதான், சர்டிபிகேட் பாக்கவும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ஒண்ணு திறக்குற கதவ இன்னொண்ணு திறக்காது. அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் டீச்சர் லைசென்ஸ் விதி வேற வேற, அதனால லைசென்ஸுக்குக் கொண்டு போற கோர்ஸ் எந்தெந்த மாநிலத்துல செல்லும், எங்க செல்லாதுன்னு யூனிவர்சிட்டி வெளிப்படையா சொல்லணும்னு 2020 ஜூலையிலேருந்து விதியே இருக்கு. இந்தியாவுல, அனுமதி வாங்கி நடத்துற ஆன்லைன், தொலைதூர டிகிரிங்க நேர்ல படிச்ச டிகிரிக்குச் சமம்னு யுஜிசியோட 2020 ஒழுங்குமுறை சொல்லுது, 2022 செப்டம்பர்ல அறிவிப்பா மறுபடியும் சொன்னாங்க. ஆனா டீச்சர் ட்ரெய்னிங் படிப்புக்கு ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவோட (என்சிடிஇ) விதி தனியா இருக்கு, அந்த சமம்ங்குற வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கிட்டு அதுக்கும் சேத்து இதே போதும்னு நினைச்சா சிக்கல்.

உங்களுக்கு ஏற்கனவே ட்ரெய்னிங் இருக்கு, லைசென்ஸுக்காக நீங்க படிக்கல, அது நல்ல விஷயம், பாதி பாரம் குறைஞ்சுது. ஆனா ப்ரொமோஷனோ இன்க்ரிமென்ட்டோ மனசுல இருந்தா பிரின்சிபாலோட "பாக்கலாம்"ங்குற வார்த்தைய நம்பி ஃபீஸ் கட்டாதீங்க. அவங்க மேல தப்பு இல்ல, அவங்களுக்கே விதி தெரியாம இருக்கலாம். ஸ்கூல் நிர்வாகத்துக்கும், உங்க பதவிக்கு விதி போடுற கல்வித்துறை ஆபீஸுக்கும் இப்படி ஒரு மெயில் எழுதுங்க: "இந்த யூனிவர்சிட்டி, இந்த கோர்ஸ், முழுக்க ஆன்லைன் முறை, இத்தனை கிரெடிட், இத்தனை மாசம். இத நான் முடிச்சா ப்ரொமோஷனுக்கும் சம்பள உயர்வுக்கும் தகுதியா எடுத்துக்குவீங்களா? எந்த விதிப்படின்னு தெரிவிக்க வேண்டுகிறேன்." அவ்வளவுதான், நீட்டி முழக்க வேண்டாம். கோர்ஸோட முழுப் பேரும் படிக்குற முறையும் அதுல கண்டிப்பா இருக்கட்டும், "மாஸ்டர்ஸ் பண்ணா ஏத்துக்குவீங்களா"ன்னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும், அது நாளைக்கு ஃபைல்ல வெக்க உதவாது. சம்பள உயர்வுங்குறதே எப்பவும் நிரந்தரம்னும் எடுத்துக்காதீங்க, அமெரிக்காவுல வட கரோலினா மாநிலம் 2013ல, இனிமே மாஸ்டர்ஸ் முடிக்குற டீச்சர்ங்களுக்கு அதுக்கான கூடுதல் சம்பளம் கிடையாதுன்னு சட்டமே போட்டுச்சு.

அவங்க ஏன் அப்படி பண்ணாங்கங்குறதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். டீச்சர் மாஸ்டர்ஸ் முடிச்சாங்கங்குறதாலயே பிள்ளைங்க மார்க் ஏறுதான்னு அங்க பலபேர் ஆராய்ச்சி பண்ணாங்க, பொதுவா எந்த மாஸ்டர்ஸா இருந்தாலும்னு எடுத்துக்கிட்டா பெரிய தொடர்பு தெரியல. ஆனா கணக்கு டீச்சர் கணக்குலயே மேல படிச்சிருந்தா பிள்ளைங்களுக்கு அது பலன் குடுத்ததா ஆராய்ச்சி வந்துருக்கு. இது ஆன்லைன்ல படிச்சதுக்கும் நேர்ல படிச்சதுக்கும் சேத்துத்தான். இந்த இடத்துல என் அபிப்பிராயத்த அழுத்தமா சொல்றேன்: நீங்க சயின்ஸ் டீச்சர், சயின்ஸ் சொல்லித் தர்றதப் பத்தின மாஸ்டர்ஸா பாருங்க. "கல்வித் தலைமைத்துவம்"னு பெரிய பேரு வெச்ச பொதுவான கோர்ஸ விட அது உங்க கிளாஸுக்கு வந்து சேரும்.

வந்து சேர்றதுன்னா என்னன்னு ஒரு இன்டர்வியூவ வெச்சு சொல்றேன். ஒரே நாள்ல ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தங்க பெரிய பேரு உள்ள கேம்பஸ்ல ரெண்டு வருஷம் தங்கி மாஸ்டர்ஸ் படிச்சவங்க, "உங்க ஆய்வு எதப் பத்தி"ன்னு கேட்டோம், தலைப்ப சொன்னாங்க, அதுக்கு மேல ஒரு வரி வரல. இன்னொருத்தங்க ஆன்லைன்ல படிச்சவங்க. அவங்களோட கோர்ஸ்ல சொந்த கிளாஸ வீடியோ எடுத்து அனுப்பணும்னு ஒரு அசைன்மென்ட். சயின்ஸ் கிளாஸ்ல டீச்சர் கேள்வி கேட்டுட்டு ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அத மூணு செகண்டாக்குனா பிள்ளைங்க பதில் நீளமாகுது, பேசாத பிள்ளையும் பேசுதுன்னு அமெரிக்க அறிவியல் கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970கள்லயே எழுதுனதப் படிச்சுட்டு, இவங்க தன் வீடியோவ ஓட விட்டு ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்துருக்காங்க. "நான் ஒரு செகண்டு கூட நிக்கல மேடம், நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டு இருந்துருக்கேன்"னு சொன்னாங்க. அப்புறம் ஆறு வாரம் மூணு செகண்ட் நின்னு பழகி மறுபடி அளந்த கதைய அவங்க சொன்னப்ப போர்டுல யாருமே பேனாவ எடுக்கல, கேட்டுக்கிட்டே இருந்தோம். அவங்களத்தான் எடுத்தோம். ஆன்லைனாங்குற கேள்வி அந்த ரூம்ல எழவே இல்ல.

அதனால கோர்ஸ் தேடுறப்ப யூனிவர்சிட்டிக்கு நீங்க கேக்க வேண்டிய பெரிய கேள்வி, "என் கிளாஸ யாராவது பாப்பாங்களா?"ங்குறதுதான். வீடியோவோ, லைவோ, உள்ளூர்ல ஒரு மேற்பார்வையாளரோ, எதுவா இருந்தாலும் சரி, நீங்க பாடம் நடத்துறத ஒரு தெரிஞ்ச ஆள் பாத்துக் குறை சொல்லணும். அது இல்லாம வெறும் வீடியோ பாத்து, சரியான விடைய டிக் அடிக்குற டெஸ்ட் மட்டும்னா அந்த கோர்ஸுக்கு முழு அங்கீகாரம் இருந்தாலும் நான் உங்களுக்கு சொல்ல மாட்டேன். ஒரு பேட்ச்ல எத்தனை பேர், அசைன்மென்ட்ட திருத்துறது யாரு, லைப்ரரி உள்ள போய் ஜர்னல் படிக்க முடியுமா, பரிட்சை எழுதுறது நீங்கதான்னு எப்படி உறுதி பண்றாங்க, நடுவுல விட்டா ஃபீஸ் திரும்ப எவ்வளவு வரும், இதெல்லாமும் கேளுங்க. முடிச்ச டீச்சர் யாராவது ஒருத்தர் கிட்ட நீங்களாவே தேடிப் பேசுங்க, யூனிவர்சிட்டி தேர்ந்தெடுத்துக் குடுக்குற ஆளா இருக்க வேண்டாம்.

ரெஸ்யூம் விஷயத்துல நான் கறாரா இருப்பேன். மறைக்காதீங்க. டிகிரி பேரு, யூனிவர்சிட்டி, வருஷம் போடுங்க, ஃபார்ம்ல படிச்ச முறைன்னு தனி கட்டம் இருந்தா ஆன்லைன்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க, இன்டர்வியூல கேட்டா ஒரு நொடி கூட தயங்காம சொல்லுங்க. நீங்க ஒரு ஊர் ஸ்கூல்ல வேலை பாத்த அதே வருஷத்துல வேற ஊர் யூனிவர்சிட்டியில டிகிரின்னு இருந்தா எங்களுக்கு எப்படியும் தெரியும், மறைச்சா "ஏன் மறைச்சாங்க"ங்குற சந்தேகம்தான் மிஞ்சும். அதையே நீங்களா சொன்னா, முழு நேரம் பாடமும் நடத்திக்கிட்டு மாஸ்டர்ஸும் முடிச்ச ஆள்னு போர்டு மதிக்கும்.

பிஎச்.டி. யோசனை இருந்தா ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய மாஸ்டர்ஸா எடுங்க, வெறும் பேப்பர் பாஸ் பண்ற கோர்ஸ பிஎச்.டி. சேக்குறவங்க பலபேர் யோசிப்பாங்க. பிஎச்.டி.யவே ஆன்லைன்ல பண்ணலாம்னு அந்த கவுன்சிலரோ வேற யாரோ சொன்னா அங்க இன்னும் ஜாக்கிரதை வேணும். இந்தியாவுல ஆன்லைன், தொலைதூர பிஎச்.டி.ய யுஜிசி ஏத்துக்குறதில்ல, வெளிநாட்டு யூனிவர்சிட்டியோட சேந்து எட்டெக் கம்பெனிங்க (இன்டர்நெட் வழியா படிப்பு நடத்துற கம்பெனிங்க) தர்ற பிஎச்.டி.ல ஏமாற வேண்டாம்னு யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக்கான குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபர்ல சேந்தே எச்சரிச்சாங்க.

வெளிநாட்டு வேலைன்னா ஒரு சின்ன வார்த்தையில பலபேர் ஏமாந்துடுறாங்க, அப்போஸ்டில். 1961 ஹேக் ஒப்பந்தப்படி வர்ற முத்திரை அது. சர்டிபிகேட்ல இருக்குற கையெழுத்தும் சீலும் உண்மைங்குறத மட்டும்தான் அது சொல்லும், அந்த டிகிரி அந்த நாட்டுல சமமா செல்லும்னு சொல்லாது. சமமா இல்லயான்னு பாக்குறது அந்த நாட்டு மதிப்பீட்டு அமைப்போ கல்வி அமைச்சகமோதான், படிச்ச முறையையும் கேக்குற இடங்கள் இருக்கு. எந்த நாடுன்னு உங்களுக்கு ஓரளவு தெரிஞ்சா அங்கயும் அதே மெயில இப்பவே அனுப்புங்க. நாடு எதுன்னே தெரியலன்னா அத நினைச்சு இப்ப கோர்ஸ் தேர்ந்தெடுக்காதீங்க.

இந்த வாரம் ரெண்டு மெயில் போதும், நிர்வாகத்துக்கு ஒண்ணு, கல்வித்துறைக்கு ஒண்ணு. கவுன்சிலர் போன் பண்ணா, எழுத்துல பதில் வர்ற வரைக்கும் சேர மாட்டேன்னு சொல்லி வெச்சுருங்க. பதில் வந்ததும் அதையும் கோர்ஸ் கையேட்டையும் எனக்கு அனுப்பி வைங்க டீச்சர், அந்த ப்ராக்டிகம் பக்கத்த ரெண்டு பேரும் சேந்து வரி வரியா படிச்சுப் பாப்போம்.